பாலத்துக்குப் பெயின்ட் அடிக்க வழியை ஏன் மூடுகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரும்புப் பாலங்களில் பெயின்ட் வேலையை மேற்பார்வை பார்த்தே என் வேலைக்காலம் முழுக்கப் போனது. இப்போது சேலத்தில் வீட்டோடு இருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பழைய இரும்புப் பாலத்தைப் பெயின்ட் வேலைக்காக மூடப்போவதாகப் பலகை வைத்த நாளிலிருந்து டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ஏங்கண்ணா, பாலத்துக்குப் பெயின்ட் எதுக்கு? பார்க்க அழகா இருக்கத்தானே?

அழகு கடைசியில்தான் வரும். இரும்பும் தண்ணீரும் காற்றும் சேர்ந்தால் துரு. பெயின்ட் என்பது அந்தத் தண்ணீரையும் காற்றையும் இரும்பிடம் அண்டவிடாத தோல். தோல் கிழிந்த இடத்தில் புண் வருவதுபோல, பெயின்ட் விட்ட இடத்தில் துரு ஏறும்.

துரு ஏறினால் இரும்பு தேய்கிறது என்பது மட்டும்தான் பலருக்குத் தெரியும். அது ஊதவும் செய்யும். தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைத் துரு பிடித்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவில் அது புகுந்துவிட்டால், கனத்த தகட்டையே வளைத்துத் தள்ளும், தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரிவெட் ஆணியின் தலையைத் தெறிக்கவும் வைக்கும். சின்னச் சுத்தியலால் ரிவெட்டைத் தட்டினாலே தெரிந்துவிடும். நல்ல ரிவெட் கணீரென்று பேசும். விட்டுப்போனது ‘தொப்’ என்று ஒரு மொத்தைச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்கிற அளவுக்கு விடாமல் இருக்கத்தான் பெயின்ட்.

எங்க வீட்டு கேட்டுக்கு நானே ஒரு ஞாயித்துக்கிழமையில அடிச்சு முடிச்சிடறேன். பாலத்துக்கு ரெண்டு மாசமா?

உங்கள் கேட்டை எத்தனை பொங்கலுக்கு ஒரு முறை அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். துருவுக்கு மேலேயே எமரி ஷீட்டை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு பிரஷை வைக்கிறோம். அடுத்த மழைக்கே துரு உள்ளிருந்து மேலே வந்துவிடுகிறது. கேட் என்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம். பாலத்தில் அப்படிச் செய்தால் போட்ட பணம் ஆற்றில் போட்டதுதான்.

பாலத்தில் பெயின்ட் அடிப்பது சின்ன வேலை. அதற்கு முன்னால் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை, நாட்களைத் தின்பதும் அதுதான். முதலில் சாரம் கட்டி, சுற்றிலும் தார்ப்பாய் போட வேண்டும். பறவை எச்சம், கிரீஸ், தூசி எல்லாவற்றையும் தண்ணீரால் கழுவ வேண்டும். அப்புறம் கம்ப்ரசர் காற்றில் தாமிரக் கசடுத் துகளை (தாமிரம் உருக்கும்போது மிஞ்சும் கசடு) வீசி அடித்து, பழைய பெயின்ட்டையும் துருவையும் அடியோடு எடுக்க வேண்டும். நல்ல முறையில் எடுத்தால் இரும்பு சாம்பல் வெள்ளையாக, விரலுக்குச் சொரசொரப்பாக இருக்கும். இந்த அளவுச் சுத்தத்துக்கு எங்கள் தொழிலில் ‘எஸ்ஏ இரண்டரை’ என்று பெயர். அந்தச் சொரசொரப்பில்தான் பிரைமர், அதாவது முதல் பூச்சு, வேர் பிடிக்கும். அப்படித் திறந்துவைத்த இரும்பை இரவு முழுக்க வெறுமனே விடக்கூடாது, அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு மூட முடியுமோ அவ்வளவுதான் திறப்பார்கள்.

பிறகு மூன்று அடுக்கு. துத்தநாகம் கலந்த பிரைமர், நடுவில் எப்பாக்ஸி, மேலே பாலியூரித்தேன். துத்தநாகம் இரும்புக்கு முன்னால் தன்னைக் கரையக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். எப்பாக்ஸி தண்ணீரைத் தடுக்கும். ஆனால் வெயில் பட்டால் சுண்ணாம்புபோல் பொடிந்துபோகும், அதனால் வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் அதற்கு மேலே. மூன்றும் சேர்ந்து சுமார் 250 மைக்ரான், அதாவது கால் மில்லிமீட்டர். செய்தித்தாளிலிருந்து மூன்று ஒற்றைத் தாளை எடுத்து அடுக்கினால் ஏறக்குறைய அந்தத் தடிமன். அவ்வளவுதான் அந்தத் தோல். ஒவ்வோர் அடுக்குக்கும் காயும் நேரம் கொடுத்தாக வேண்டும்.

பெயின்ட்தானே அடிக்கிறாங்க, நாங்க ஓரமா போயிட்டுப் போறோம். முழுசா மூடியே ஆகணுமா?

எல்லாப் பாலத்தையும் மூட வேண்டியதில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். பாலம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். ரோட்டுக்குக் கீழே கர்டர் போட்ட பாலம் என்றால் பெரும்பாலான வேலை அடியில்தான். தொங்குசாரம் கட்டி, மேலே வண்டி ஓட ஓடவே செய்யலாம். ரோட்டின் இரண்டு பக்கமும், தலைக்கு மேலும் இரும்புச் சட்டங்கள் நிற்கிற பாலம் என்றால் கதை வேறு. தலைக்கு மேல் சாரம், அதில் ஆட்கள், கீழே வண்டி. மேலிருந்து ஒரு சிப்பிங் சுத்தியல் நழுவினால் பைக்கில் போகிறவர் தலையில் விழும். துகள் வீசும்போது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆபத்து நமக்கு மட்டுமில்லை. பஸ்ஸின் பக்கக் கண்ணாடி சாரக் கம்பில் உரசினால் மேலே நிற்கிறவன் விழுவான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். பலகையைப் பார்த்ததும் எனக்கு முதலில் வருகிற நினைப்பு அதுதான்.

சரி, பாதிப் பாலத்தை மூடிட்டு பாதியில விடலாமே?

இரண்டு வண்டி தாராளமாக ஒதுங்கும் அகலம் இருந்தால் விடலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். பழைய பாலங்கள் பல ஒரு லாரி போனால் எதிரே சைக்கிள்கூட ஒதுங்க முடியாத அகலம். அதில் சாரத்துக்கும் தார்ப்பாய்க்கும் இடம் கொடுத்தால் மிச்சம் நடைபாதைதான். நடந்து போகிறவர்களுக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கும் மேலே கூரைபோல் தகடு அடித்து ஒரு வழி விடச் சொல்லிக் கேட்கலாம். அது நியாயமான கோரிக்கை.

ராத்திரியில அடிச்சுட்டு பகல்ல திறந்து விடலாமே? மேட்டூர் ரோட்டுல தார் போடறதெல்லாம் ராத்திரியிலதானே?

தார் சூடாக வந்து இறங்குகிறது. பெயின்ட் அப்படியில்லை, அது இரும்பின் மேல் உள்ள ஈரத்துக்குப் பயப்படும். ராத்திரியில் இரும்பு காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் நிறுத்தி வைத்த பைக் டேங்க் மேல் கையை வைத்தால் நனைகிறதே, அதே பனிதான். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மெல்லிய ஈரம் இருந்தாலும் அதற்கு மேல் பிரைமர் நிற்காது. எங்கள் தொழிலில் கைவிடக்கூடாத கணக்கு இது: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், பனி இறங்கும் வெப்பநிலையைவிட இரும்பு குறைந்தது 3 டிகிரி சூடாக இருக்க வேண்டும். உதாரணமாக, காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் ஏறக்குறைய 17 டிகிரியிலேயே பனி இறங்கிவிடும். இரும்பு 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு பிரஷைத் தொடவே கூடாது.

ஏற்காட்டு மலைமேல் இது இன்னும் கஷ்டம். 1,500 மீட்டர் உயரம், மேகமே ரோட்டில் நடமாடும். முன்பு ஒருமுறை வேறொரு மலைப்பாதையில், சின்னப் பாலம் ஒன்றில், திறப்பு நாள் நெருங்கிவிட்டது என்று காலை ஆறரை மணிக்கே பிரைமர் அடிக்கச் சொன்னார் காண்ட்ராக்டர். நான் ஈரமானியைக் காட்டி வேண்டாம் என்றேன். மேலிடத்துக்குப் போன் பேசி என் வாயை அடைத்துவிட்டார். பாலத்தைக் குறித்த நாளில் திறந்தார்கள். அடுத்த கோடைக்குள் அந்தப் பக்கத்துக் கர்டரில் பெயின்ட் அப்பளம்போல் கொப்பளித்து, விரலால் தள்ளினாலே உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. பின்பக்கம் துருவின் அச்சு அப்படியே இருந்தது. அன்றைக்கு நான் கையெழுத்துப் போட மறுத்திருக்க வேண்டும். இன்றுவரை அந்த வருத்தம் போகவில்லை.

அப்ப எந்த மாசத்துல செஞ்சா நல்லதுங்க?

பொங்கல் முடிந்ததிலிருந்து ஏப்ரல் வரை. சேலத்தில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மழையை நம்ப முடியாது. ஜனவரியிலும் மலைப்பக்கம் காலைப் பனி உண்டு, ஆனால் பத்து மணிக்கு மேல் வேலை ஓடும். மார்ச்சில் பொதுத்தேர்வு வருகிறது, மாணவர்கள் சுற்றிப் போக வேண்டுமே என்பது உண்மையான கவலை. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம், ஆடியில் சேலத்தில் கோட்டை மாரியம்மன் பண்டிகை. எல்லாருக்கும் தோதான மாதம் என்று ஒன்று கிடையாது. தேர்வு நாட்களில் மட்டும் காலையிலும் மதியமும் வழியைத் திறந்துவிடும்படி முன்கூட்டியே திட்டம் போடச் சொல்வதுதான் முறை. வேலை தொடங்கிய பிறகு கேட்டால் சாரத்தைப் பிரிக்க வைக்க முடியாது.

ஆம்புலன்ஸ் வந்தா என்ன பண்றது?

இதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 108 வண்டியைப் பாலத்தின் அந்தக் கரையிலும் ஒன்று நிறுத்துவார்களா, மாற்று வழி எது, தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமிருந்து வரும் என்று. ஏற்காடு பாதையில் அடைப்பு என்றால் குப்பனூர் வழி இருக்கிறது. அது நீளமான சுற்று, பிரசவ வலியோடு போகிறவர்களுக்குப் பதில் ஆகாது. அடிவாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகள் இருக்கும் வீடுகளைச் செவிலியர் குறித்து வைத்திருப்பார்கள். அந்த விவரம் வேலை செய்கிறவர்களிடமும் இருக்கட்டும்.

மூடறதுக்கு யாருக்கு அதிகாரம்? காண்ட்ராக்டரே கயிறு கட்டிடலாமா?

கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-ன்படி, பாதுகாப்புக்காகவோ சாலை அல்லது பாலத்தின் நிலைமைக்காகவோ வண்டிகளைத் தடை செய்யும் அதிகாரம் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கும்தான் உண்டு. தடையை அரசிதழில் வெளியிட வேண்டும், அந்த இடத்தில் பலகையும் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்படாத தடை என்றால் அரசிதழ் தேவையில்லை, ஆனால் உள்ளூரில் மக்களுக்குத் தெரியப்படுத்தியே ஆக வேண்டும்.

அதனால் பலகையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் உத்தரவு, மாற்று வழி எது என்பவை இல்லாவிட்டால் கேளுங்கள். ‘பணிகள் நடைபெறுகின்றன’ என்று மட்டும் எழுதிவைத்தால் போதாது.

சுரண்டற தூசியில ஈயம் இருக்கும்னு சொல்றாங்களே, குழந்தைங்க இருக்கற வீடுங்க பக்கத்துலயே இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். பழைய இரும்புப் பாலங்களில் அடிப்பூச்சாக ரெட் லெட் அடிப்பது வழக்கம், அது ஈயம்தான். நம் பெயின்டர்கள் இப்போது அடிக்கிற ரெட் ஆக்சைடு வேறு, அதன் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வருகிறது. இரண்டையும் நிறத்தில் ஓரளவு பிரிக்கலாம். ரெட் ஆக்சைடு செங்கல் நிறம், ரெட் லெட் பளிச்சென்ற ஆரஞ்சு. பழைய பாலத்தில் மேல் பூச்சு உரிந்த இடத்தில் ஆரஞ்சு தெரிந்தால் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். உறுதி செய்ய ஆய்வகத்தில் ஒரு சின்னச் செதில் போதும்.

ஈயத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், சிறிய அளவும் நல்லதில்லை. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. பாலத்தில் ஏற்கெனவே ஒட்டியிருப்பது அதற்கெல்லாம் முந்தைய காலத்துச் சரக்கு. அதனால் துகள் வீசும் நாட்களில் தார்ப்பாய் நாலு பக்கமும் அடியிலும் மூடியிருக்க வேண்டும், உதிர்ந்ததை மூட்டை கட்டி அபாயக் கழிவாக அனுப்ப வேண்டும். வேலையாட்கள் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும், அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். நீங்கள் அந்த நாட்களில் பாலத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், துணியை வெளியே காயப்போடாதீர்கள், வாசலைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மணலை வீசி அடிக்கிறார்களா என்றும் கவனியுங்கள். மணல்தூசியில் உள்ள சிலிக்கா, வேலையாளின் நுரையீரலைத் திரும்ப முடியாதபடி கெடுக்கும். மணலுக்குப் பதிலாகத் தாமிரக் கசடைப் போடச் சொல்வது அதனால்தான்.

ஆத்துல விழுந்தா?

விழக்கூடாது. மேலே சொன்ன தார்ப்பாய் அடியிலும் இருக்க வேண்டும் என்றது இதற்கும் சேர்த்துத்தான். திருமணிமுத்தாறு ஏற்கெனவே சாயமும் சாக்கடையும் சுமக்கிறது, அதற்கு ஈயமும் வேண்டாம்.

எப்பப் பாத்தாலும் ஏன் சில்வர் கலரு? வேற கலர் அடிக்கலாமா?

அந்தக் காலத்து மேல்பூச்சு அலுமினியம் பெயின்ட். அதிலுள்ள செதில்கள் மீன் செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து தண்ணீர் போகும் வழியைச் சுற்றலாக்கும், வெயிலையும் திருப்பி அனுப்பும். இன்றைய பூச்சில் எந்த நிறமும் அடிக்கலாம். ஆனாலும் வெளிர் நிறத்துக்குத்தான் என் ஓட்டு. துரு ஒரு கோடாகக் கசிந்தால் தூரத்திலிருந்தே தெரியும். அடர்ந்த காவி நிறத்தில் அது ஒளிந்துகொள்ளும்.

நம்ம சேலத்துலயே துருப்பிடிக்காத இரும்பு செய்யறாங்க. பாலத்தை அதுலயே கட்டிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?

நல்ல கேள்வி. சேலம் உருக்காலையில் வருவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடும் சுருளும். பாலத்தையே அதில் கட்டலாம், உலகில் சில இடங்களில் கட்டியும் இருக்கிறார்கள். விலைதான் சாதாரண இரும்பைவிடப் பல மடங்கு. இருக்கிற பழைய பாலத்தில் பாதியை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. ஸ்டெயின்லெஸ்ஸும் சாதா இரும்பும் நேராகத் தொட்டுக்கொண்டு நனைந்தால், சாதா இரும்பு முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும்.

ஒரு தடவை அடிச்சா எத்தனை வருஷம் வரும்?

இரண்டாவது கேள்வியில் சொன்ன முறையில் சுத்தம் செய்து, மூன்று அடுக்கும் ஏறினால், சேலம் மாதிரி கடல் இல்லாத ஊரில் 15 வருஷத்துக்கு மேல் எதிர்பார்க்கலாம், நடுவில் அங்கங்கே சின்னச் சின்னப் பழுது பார்த்துக்கொண்டால். வயர் பிரஷ் மட்டும் போட்டு அடித்தால் மூன்று நான்கு வருஷத்தில் மறுபடி சாரம்.

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலத்துக்கு 1890-லிருந்தே பெயின்ட் அடித்து முடியாது என்று பழமொழியே உண்டு. 2002 முதல் 2011 வரை பழைய பூச்சை அடிவரை எடுத்து, கண்ணாடிச் செதில் கலந்த எப்பாக்ஸி அடித்தார்கள். இனி 25 வருஷமாவது தொட வேண்டாம் என்கிறார்கள். நம் பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கும், உப்புக்காற்றைத் தாங்கப் பாலிசிலோக்ஸேன் பூச்சுதான் போட்டிருக்கிறார்கள்.

பெயின்ட் அடிச்சாச்சுன்னா பாலம் புதுசு மாதிரிதானே? இனி லோடு லாரி எல்லாம் போகலாமா?

போகக்கூடாது. தேய்ந்த இரும்பைப் பெயின்ட் வளர்க்காது. பத்து மில்லிமீட்டர் தகடு ஏழாகியிருந்தால், அடித்த பிறகும் ஏழுதான். பெயின்ட்டை எடுத்த அந்தச் சில நாட்களில்தான் பாலத்தின் உண்மையான உடம்பு வெளியே தெரியும். அப்போதே இன்ஜினியர் தடிமன் அளந்து, விரிசல் பார்த்து, கெட்ட ரிவெட்டுக்குப் போல்ட் போட்டுவிட வேண்டும். ‘மூடின நாள் நீண்டுபோச்சு’ என்று நீங்கள் சொல்கிற பல இடங்களில் இதுதான் நடந்திருக்கும். ஓட்டை தெரிந்த பிறகு மூடி அடித்துவிட்டுப் போவதைவிட, பத்து நாள் தாமதம் எவ்வளவோ மேல்.

2025 ஜூன் 15 அன்று புனே பக்கத்தில் குண்ட்மளாவில், இந்திராயணி ஆற்றின் மேலிருந்த பழைய இரும்புப் பாலம் சுற்றுலாக் கூட்டத்தோடு சரிந்தது. உயிர்கள் போயின. எடை வரம்புப் பலகை இருந்தால், புதுப் பெயின்ட்டைப் பார்த்து அதை மறந்துவிடாதீர்கள்.

நான் படிக்காதவன். வேலை ஒழுங்கா நடக்குதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

படிப்பு வேண்டாம், கண் போதும். பிரைமருக்கு முன்னால் இரும்பு எந்த நிறத்தில் இருக்கிறது? சாம்பல் வெள்ளையா, காப்பித்தூள் நிறமா? காப்பித்தூள் என்றால் துரு இன்னும் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும் முன், தகட்டு ஓரங்களையும் போல்ட் தலைகளையும் ஒருவர் சின்ன பிரஷால் தனியாக அடிக்கிறாரா? பெயின்ட் ஈரமாக இருக்கும்போது கூரிய விளிம்பிலிருந்து பின்வாங்கும், அங்கே தோல் மெலிந்துவிடும். துரு எப்போதும் ஓரத்தில் தொடங்குவது அதனால்தான். அந்தப் பிரஷ் வேலையைப் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொன்று. பாலம் வெயிலில் நீண்டு சுருங்க வசதியாக முனைகளில் இருக்கும் பேரிங், தண்ணீர் வடியும் குழாய், இணைப்பு இடைவெளி மூன்றிலும் பெயின்ட் பூசி அடைக்கக் கூடாது. பளபளவென்று எல்லாவற்றையும் மூடியிருந்தால் அவசரக்காரர் வேலை.

அடிச்சு ஆறே மாசத்துல உரிஞ்சா யாரைக் கேக்கறது?

பெரும்பாலான ஒப்பந்தங்களில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அதற்குள் உரிந்தால் காண்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு எழுதுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் உரிந்தது’ என்று கேட்காதீர்கள். ஒப்பந்தத்தின் பொறுப்புக் காலம், தினமும் எழுதிய ஈரப்பத வெப்பநிலைப் பதிவேடு, ஒவ்வோர் அடுக்கின் தடிமன் அளவுகள், இந்த மூன்றின் நகல் கேளுங்கள். ராத்திரி வேலை பற்றி முன்னே சொன்ன 85 சதவீதக் கணக்கை வைத்து அந்தப் பதிவேட்டை நீங்களே சரிபார்க்கலாம்.

பாலம் கெடாம இருக்க நாங்க என்ன செய்யறது?

வெற்றிலை பாக்கு எச்சிலைத் துப்பாதீர்கள். ஹவுரா பாலத்தில் தூண் அடியிலிருந்த 6 மில்லிமீட்டர் இரும்பு உறைகள், 2007-க்கும் 2011-க்கும் இடையில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே கரைந்துபோனது பான் எச்சிலால். அப்புறம், வடிகால் துளையில் மண்ணும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்திவிடுங்கள். தேங்கும் தண்ணீரைப்போல் இரும்புக்கு எதிரி கிடையாது.

வேலை முடிஞ்சு நாலு நாளாச்சு, ஆளே இல்ல, பாலம் சும்மாதான் நிக்குது. போராட்டம் பண்ணித் திறக்க வைக்கலாமா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். கடைசிப் பூச்சு கையில் ஒட்டாமல் காய ஒரு நாள் போதும், முழுசாக இறுக ஏழு நாள் ஆகும். ரோட்டுக்குக் கீழே இருக்கும் கர்டர் இறுகுவதற்காக மேலே வண்டியை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சாரம் இன்னும் நிற்கிறது, தடிமன் அளவு எடுக்க ஆள் வரவில்லை, கைப்பிடிச் சுவர்க் கம்பிகள் ஈரமாக இருக்கின்றன என்றால் காத்திருங்கள். அளக்காமல் திறந்தால் அப்புறம் அளக்க யாரும் திரும்பி வர மாட்டார்கள். இவை எதுவுமே இல்லாமல் திறப்பு விழாத் தேதிக்காக மட்டும் மூடி வைத்திருந்தால், அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

போகும்போது கைப்பிடிக் கம்பியில் கட்டைவிரலை அழுத்தித் திருகிப் பாருங்கள். ரேகை பதியக்கூடாது, பெயின்ட் நகரக்கூடாது. பதிந்தால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.